விசில் வைத்திருப்பவர் எல்லாம் கோச்சா?

எங்கள் ஊரில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு தொங்குகிறது. சிலம்பம், ஸ்கேட்டிங், டேக்வாண்டோ, தடகளம், இறகுப்பந்து. கீழே ஒரு செல்போன் எண். அதற்கும் கீழே சின்ன எழுத்தில் 'என்.ஐ.எஸ். சான்று பெற்ற பயிற்சியாளர்' என்று ஒரு வரி. பெற்றோர் அந்த வரியைப் பார்த்ததும் திருப்தி அடைந்து பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். என்.ஐ.எஸ். என்றால் ஏதோ ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அந்த மூன்றெழுத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். ஓய்வு பெறும்வரை நான் பார்த்தது தணிக்கை வேலை. அடுத்தவர் கணக்கில் கை வைப்பதுதான் என் தொழில் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதனால் மைதானத்துப் பக்கம் இருந்து எழுதாமல், கணக்குப் பக்கம் இருந்து எழுதுகிறேன். எந்த நாட்டிடமும் குறையாத பெயரோடு தொடங்கிய பயிற்சியாளர் கல்வி ஏன் இப்படிச் சிறுத்துப்போனது என்பதற்கு விடை மைதானத்தில் இல்லை, நிர்வாகத்தில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனம், பஞ்சாபில் பாட்டியாலா நகரத்தில் இருக்கிறது. 1961ல் பாட்டியாலா மகாராஜாவின் பழைய மோதிபாக் அரண்மனையில் தொடங்கினார்கள். அதற்கு முன்னால் 1953ல் ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரில் ஒரு பயிற்சித் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாக முகாம் போட்டால் போதாது, பயிற்சியாளர்களை உருவாக்க நிரந்தரமாக ஒரு கல்லூரி வேண்டும் என்று அன்றைக்கு யோசித்தவர்கள் யோசித்தார்கள். ஹாக்கி மேதை தியான்சந்த் அங்கே தலைமைப் பயிற்சியாளராக இருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதில் நம் சென்னைக்கு அதைவிடப் பழைய பெருமை உண்டு. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி ஆசியாவிலேயே முதலாவது. நந்தனம் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஆனால் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் வேறு, ஒரே விளையாட்டில் ஆழம் போய் வீரரை உருவாக்கும் கோச் வேறு. அந்த இரண்டாவது ரகத்துக்கு நாடு முழுவதற்கும் பாட்டியாலாதான் திருப்பதி.

பலனும் கிடைக்காமல் இல்லை. ஓ.எம். நம்பியார் விமானப்படையில் இருந்தவர். பாட்டியாலாவில் படித்துவிட்டுக் கண்ணூருக்கு வந்தார். அங்கே விளையாட்டுப் பள்ளியில் ஒல்லியாக இருந்த ஒரு சிறுமியைப் பார்த்தார். மிச்சக் கதை உங்களுக்கே தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டபோது, டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டிருந்த நம் தலைமுறையில் எத்தனை பேர் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தோம்! மறு ஆண்டே, 1985ல், துரோணாச்சாரியர் விருது என்று ஒன்றை முதல் முதலாகக் கொடுத்தபோது வாங்கிய மூவரில் நம்பியாரும் ஒருவர். ஒரு கல்லூரிக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சரி, எங்கே கோணலானது?

1982ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. அதற்காகப் பெரிய பெரிய ஸ்டேடியங்களைக் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் அவற்றைப் பராமரிக்க ஆள் வேண்டுமே. 1984ல் இந்திய விளையாட்டு ஆணையம் பிறந்தது. 'சாய்' என்று இப்போது எல்லோரும் சொல்வது அதைத்தான். ஸ்டேடியத்தைக் கவனிக்கப் பிறந்த அமைப்பு அது. மூன்று வருடம் கழித்து, 1987ல், பாட்டியாலா கல்லூரியை நடத்திவந்த தனிச் சங்கத்தை அதோடு இணைத்துவிட்டார்கள். அன்றைக்குச் செய்தித்தாளில் ஏதோ ஒரு மூலையில் வந்திருக்கலாம். யாரும் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. என் கணக்கில், கோணல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. பில் எழுதுகிறவர் ஒருவர், பாஸ் செய்கிறவர் இன்னொருவர், காசோலையில் கையெழுத்திடுகிறவர் மூன்றாமவர். மூவரும் யோக்கியர்களாகவே இருக்கட்டும், மூன்றும் ஒரே மேஜையில் நடந்தால் தணிக்கைக்காரன் சிவப்புப் பென்சிலை எடுத்துவிடுவான். அது சந்தேகம் இல்லை, முறை. இப்போது பாருங்கள். பயிற்சியாளருக்குப் பாடம் நடத்துவது சாய். தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவதும் சாய். அந்தச் சான்றிதழைப் பார்த்து வேலைக்கு எடுப்பதில் நாட்டிலேயே பெரிய முதலாளிகளில் ஒருவர் சாய். அவர் வேலை செய்யும் முகாமை நடத்துவது சாய். அவர் மீது புகார் வந்தால் விசாரிப்பதும் சாய். இத்தனைக்கும் மேலே தலைவராக விளையாட்டு அமைச்சர். தலைமை இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள், அதாவது வந்த வேகத்தில் அடுத்த துறைக்குப் போகக்கூடியவர்கள். பாடத்திட்டம் பழையதாகிவிட்டதா, தேர்வு சரியாக நடக்கிறதா, படித்து வந்தவர்கள் பத்து வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று வெளியே நின்று கேட்பதற்கு ஓர் ஆள் கிடையாது. பாடம் நடத்துகிறவரே அதைத் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். யார்தான் கேட்டுக்கொள்வார்கள்?

அடுத்தது சான்றிதழ். என்.ஐ.எஸ்.ஸில் டிப்ளமா என்று ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பது. உடலியல், உயிர் இயக்கவியல், உளவியல், பயிற்சித் திட்டம் போடுவது எல்லாம் உண்டு. காலையும் மாலையும் மைதானம். முறையாகப் படித்து முடித்தவர் நிஜமாகவே விஷயம் தெரிந்தவர். அதே நிறுவனத்தில் ஆறு வாரச் சர்டிபிகேட் கோர்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அடிப்படை தெரிந்துகொள்ள அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஃபிளெக்ஸ் போர்டில் இரண்டுமே 'என்.ஐ.எஸ்.' தான். ஒரு வருடம் பாட்டியாலாவின் குளிரில் விடியற்காலை எழுந்து ஓடியவருக்கும் ஆறு வாரத்தில் திரும்பியவருக்கும் போர்டில் ஒரே மூன்றெழுத்து. இதைப் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு முத்திரையின் சொந்தக்காரருக்கு இல்லையா? கம்பெனிக்காரன் தன் சோப்பின் பெயரை வேறு ஒருவன் கொஞ்சம் மாற்றிப் போட்டாலே கோர்ட்டுக்குப் போகிறான்.

இன்னொரு சங்கதி. இந்தச் சான்றிதழுக்கு ஆயுள் கெட்டி. இருபத்தைந்து வயதில் வாங்கினால் அறுபது வயதிலும் அதே காகிதம்தான். டிரைவிங் லைசென்ஸைக்கூடப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். ஜெர்மனியில் விளையாட்டுச் சங்கங்கள் தரும் பயிற்சியாளர் உரிமத்துக்குப் பொதுவாக நான்கு வருடம்தான் ஆயுள். அதற்குள் குறிப்பிட்ட மணி நேரம் மறுபயிற்சி எடுக்காவிட்டால் உரிமம் காலாவதி. கனடாவில் 1970களிலிருந்து தேசியப் பயிற்சியாளர் சான்றுத் திட்டம் நடக்கிறது. அங்கேயும் தொடர்ந்து படித்துப் புள்ளிகள் சேர்த்தால்தான் சான்று உயிரோடு இருக்கும். நம்மிடம் கால்பந்துப் பயிற்சியாளர்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. அதுவும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி என்பதால் வந்தது, நம் யோசனை இல்லை.

இங்கே கால்பந்தைத் தொட்டதால் சங்கங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு விளையாட்டின் பெடரேஷனும் தனியாக ஒரு படிநிலை வைத்திருக்கிறது. சதுரங்கத்துக்கு உலகச் சங்கத்தின் பயிற்சியாளர் பட்டம், தடகளத்துக்கு வேறு, கிரிக்கெட்டுக்கு வாரியத்தின் தனிப் பரீட்சை. எதற்கும் எதற்கும் சம்பந்தம் இல்லை. பெடரேஷன்களின் லட்சணமோ ஊரறிந்தது. 2022 ஆகஸ்டில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்தது. தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்ததில் உச்ச நீதிமன்றம் நிர்வாகக் குழு போட, அது வெளியார் தலையீடு என்று அவர்கள் சொல்ல, பதினைந்து நாளுக்குள் ஒரு வழியாகத் தீர்ந்தது. 2023ல் மல்யுத்தச் சங்கத்தின் கதை. ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் ஜந்தர் மந்தர் தெருவோரத்தில் படுத்துக் கிடந்ததை டிவியில் பார்த்தோம். உலகச் சங்கம் அந்த வருடமே நம் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. நாற்காலிக்கே வழக்கு நடக்கும் இடத்தில் பயிற்சியாளர் பாடத்திட்டத்தை யார் திருத்திக்கொண்டிருக்கப் போகிறார்கள்? கல்யாண வீட்டில் சண்டை நடக்கும்போது சமையல்கட்டில் உப்புப் பார்க்க ஆள் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் தரம் பற்றிய விஷயம். தரம் குறைந்தால் பதக்கம் குறையும், அவ்வளவுதானே என்று விட்டுவிடலாம். எனக்குக் கவலை அது இல்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு, இருட்டு விலகுமுன், பன்னிரண்டு வயதுப் பெண் குழந்தையை ஸ்கூட்டரில் கொண்டுவந்து மைதான வாசலில் இறக்கிவிட்டு, அப்பா திரும்பிப் போகிறார். உள்ளே இருப்பவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அவர் கையில் விசில் இருக்கிறது, டிராக் சூட் போட்டிருக்கிறார், அவ்வளவுதான் தெரியும். உடம்பைத் தொட்டுச் சொல்லிக்கொடுக்கும் தொழில் அது. வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துப் போவதும் அவர்தான். அணியில் எடுப்பதா வேண்டாமா என்று சொல்வதும் அவர்தான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய விவரங்களைக் கொண்டு ஓர் ஆங்கில நாளிதழ் 2020 தொடக்கத்தில் எழுதியது. முந்தைய பத்து வருடத்தில் சாய் மையங்களில் 45 பாலியல் துன்புறுத்தல் புகார்கள், அதில் 29 பயிற்சியாளர்கள் மீது. பெரும்பாலான வீடுகளில் இதை வெளியே சொல்லவே மாட்டார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சொன்னதே 45 என்றால் சொல்லாதது எத்தனையோ. 2021ல் சென்னையிலேயே நீண்ட காலமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைதானார். 2022ல் ஸ்லோவேனியாவுக்குப் போன இடத்தில் சைக்கிள் வீராங்கனை ஒருவர் தலைமைப் பயிற்சியாளர் மீது புகார் சொல்லி, அவரை நீக்கினார்கள். அதற்குப் பிறகுதான், பெண்கள் இருக்கும் அணியோடு ஒரு பெண் பயிற்சியாளரும் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாருங்கள், 1961ல் தொடங்கிய கதைக்கு 2022ல்.

இப்படி ஒருவர் மீது குற்றம் நிரூபணமானால் அவருடைய சான்றிதழ் என்ன ஆகும்? டாக்டர் தப்பு செய்தால் மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும். வக்கீலுக்கு பார் கவுன்சில். பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர் ஆவதற்குக்கூட என்ன படித்திருக்க வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் சட்டப்படி வரையறுத்து வைத்திருக்கிறது. பயிற்சியாளருக்கு மட்டும் சட்டப்படியான கவுன்சில் ஒன்றும் கிடையாது. பெயர் சேர்க்கவே புத்தகம் இல்லாதபோது, பெயரை எங்கிருந்து அடிப்பது? ஒரு மாவட்டத்தில் விரட்டப்பட்டவர் அடுத்த மாவட்டத்தில் புது போர்டு மாட்டினால் தடுக்க வழியில்லை.

காலை நடையில் என்னோடு வரும் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர் ஒருவர் இதைத் தன் பாணியில் சொன்னார். "சார், நான் பசங்களை லைன்ல நிக்க வைக்கவே பி.பி.எட். கேட்டாங்க. அவன் ஒரு பொண்ணுக்கு முழங்காலையே மாத்தி வளைக்கிறான், அவனை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கலை." அவர் சொன்னதில் கொஞ்சம் ஆதங்கம் கலந்திருக்கிறது, ஆனால் பிழை இல்லை.

ஊக்க மருந்து விஷயமும் இதே வாய்க்காலில்தான் வந்து சேருகிறது. 2010 காமன்வெல்த், ஆசியப் போட்டிகளில் 4 × 400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய நம் பெண்களில் சிலர் மறு வருடம் சோதனையில் சிக்கினார்கள். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஓகரோட்னிக்கை உடனே அனுப்பிவைத்தார்கள். பெண்கள் இரண்டு வருடத் தடையை அனுபவித்தார்கள். எந்த மாத்திரை, எந்தக் கடை, யார் அனுமதி என்று பார்க்க வேண்டிய நிர்வாகம் மட்டும் அப்படியே இருந்தது. 2023ல் உலக ஊக்க மருந்துத் தடுப்பு முகமையின் கணக்குப்படி நம் நாட்டில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 சிக்கின. நூற்றுக்கு 3.8. நிறையச் சோதனை நடத்தும் நாடுகளில் இதுதான் மோசமான விகிதம். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் தாங்களாகவே புத்தகம் படித்து ஊசி போட்டுக்கொண்டார்கள் என்று நான் நம்பத் தயாரில்லை. பக்கத்தில் யாரோ பெரியவர் இருந்திருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் பயிற்சியாளர்கள் பக்கமும் வழக்கு இருக்கிறது. 2021ல் சாய் 100 பயிற்சியாளர், 220 உதவிப் பயிற்சியாளர் பணியிடங்களுக்கு விளம்பரம் கொடுத்தது. நிரந்தர வேலை இல்லை, நான்கு வருட ஒப்பந்தம். ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தேசிய அளவுக்குக் கொண்டுவர எட்டு வருடம் ஆகும். நான்காவது வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க அவர் கையில் மெடல் இருக்க வேண்டும். அவசரமாக மெடல் வேண்டும் என்றால் என்னென்ன நடக்கும்? வயதுச் சான்றிதழில் இரண்டு வருடம் குறையும், அடிபட்ட காலோடு ஓட விடுவார்கள், இன்னும் என்னென்னவோ. வேலையின் கட்டமைப்பே தப்புக்குத் தூண்டினால், ஆளை மட்டும் திட்டிப் பயனில்லை.

இதையெல்லாம் பேசினால் என் நண்பர்களில் சிலர் கோபிப்பார்கள். "ஏன்யா, இருக்கிற லைசென்ஸ் ராஜ் போதாதா? கோபிசந்த் எந்த கவுன்சிலைக் கேட்டு அகாடமி வைத்தார்? நம் ஆர்.பி. ரமேஷ் பிரக்ஞானந்தாவை உருவாக்கியது பாட்டியாலா டிப்ளமாவை வைத்தா?" என்பார்கள். நல்ல கேள்வி. நாட்டின் சிறந்த பயிற்சி இப்போது பெரும்பாலும் அரசு வாசலுக்கு வெளியே, தனி மனிதர்களின் உழைப்பில்தான் நடக்கிறது. அவர்களை எந்தக் குமாஸ்தாவின் மேஜை முன்னாலும் நிறுத்தக் கூடாது. நான் கேட்பது அனுமதி இல்லை, பதிவேடு. யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கட்டும். ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் காசு வாங்கிக்கொண்டு பயிற்றுவிப்பவர் பெயர், படிப்பு, அந்தப் படிப்பு எத்தனை வாரம், கடைசியாக எப்போது மறுபயிற்சி, அவர் மீது நடவடிக்கை உண்டா என்பது ஒரு புத்தகத்தில் இருக்கட்டும். அந்தப் புத்தகம் சாய் கையில் இருக்கக் கூடாது. கோபிசந்துக்கும் ரமேஷுக்கும் அதில் பெயர் எழுத ஐந்து நிமிடம் ஆகும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. அரசியல் சாசனத்தில் விளையாட்டு மாநிலப் பட்டியலில், 33ஆவது இனமாக, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மைதானமும் மாவட்டப் பயிற்சியாளரும் மாநிலத்துடையது, நம் ஊரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. பெயர் பெற்ற சான்றிதழ் மட்டும் டெல்லியுடையது. கெட்டது நடந்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட வசதியான ஏற்பாடு.

2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம் வந்தது. விளையாட்டு வாரியம், தீர்ப்பாயம், தேர்தல் குழு, பாதுகாப்பான விளையாட்டுக்கான கொள்கை என்று பல நல்ல அம்சங்கள் அதில் உண்டு. சங்க நிர்வாகக் குழுக்களில் நான்கு பெண்களாவது இருக்க வேண்டும் என்கிறது. வரவேற்கிறேன். ஆனால் அது அடிப்படையில் நாற்காலிகளைப் பற்றிய சட்டம். பயிற்சியாளருக்கு யார் சான்று தருவது, யார் ரத்து செய்வது என்பதற்குத் தனியாக ஓர் அமைப்பை அது உண்டாக்கவில்லை. அதே சமயத்தில் அபினவ் பிந்த்ரா தலைமையில் ஒரு பணிக்குழுவும் போட்டார்கள். விளையாட்டு நிர்வாகிகளுக்கு எப்படிப் பயிற்சி தருவது என்று ஆராய்வதற்கு. நிர்வாகிகளுக்கும் பாடம் தேவைதான், அதில் சந்தேகம் இல்லை. அவர்களுக்கு ஒரு கவுன்சில் யோசிக்க முடிகிறவர்களுக்கு, குழந்தையின் கையைப் பிடித்து வட்டு எறியச் சொல்லித்தருகிறவருக்கும் ஒன்று யோசிக்க எத்தனை நாள் ஆகும்?

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பேரன் பேத்தியை மைதானத்தில் விடுகிறவர்கள் போர்டைப் படிப்பதோடு நிறுத்தாமல் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். டிப்ளமாவா, ஆறு வாரமா என்று அதிலேயே எழுதியிருக்கும். நல்ல பயிற்சியாளர் இதற்குக் கோபிக்க மாட்டார், எடுத்துக் காட்டுவார். வெளியூர்ப் போட்டிக்கு யார் யார் கூட வருகிறார்கள் என்று கேளுங்கள். கையில் நேரம் இருக்கிற நம்மைப் போன்றவர்கள் இன்னொன்றும் செய்யலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சாய்க்கு ஒரு மனு. கேள்விகளை நான் எழுதி வைத்துவிட்டேன். கடந்த பத்து ஆண்டுகளில் டிப்ளமா எத்தனை பேருக்கு, ஆறு வாரச் சான்று எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது? பாடத்திட்டம் கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது, வெளியிலிருந்து யார் மதிப்பிட்டார்கள்? நடத்தைக் காரணத்துக்காக இதுவரை எத்தனை சான்றிதழ்கள் ரத்து செய்யப்பட்டன? நாளை திங்கட்கிழமை தபாலாபீஸ் திறந்ததும் தபாலில் போடுகிறேன்.